ஆலை பூட்டியது, சட்டம் உறங்கியதா?

2025 மே மாதத்திற் கட்டுநாயக்கா வர்த்தக வலயத்திலிருந்த ‘நெக்ஸ்ட்’ ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலையிழந்தனர். உற்பத்திச் செலவு மிகுந்துவிட்டதென்றது நிருவாகம்.

தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ இன்றி வேலைநீக்கம் ஆகாதென்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். அவ்விரண்டில் எது முன்கூட்டிப் பெறப்பட்டது எனக் கேட்கின்றோம்.

நட்டஈடு உண்டே என்பர் சிலர். நட்டஈடு சில மாதத்துச் சோறு. வேலையோ ஒரு குடும்பத்தின் வாழ்வு! 1978இல் வலயந் திறந்த நாள்முதல் முதலாளிகளுக்கு வரிச்சலுகை வழங்கிவந்த அரசு, தொழிலாளிக்கு அவனுக்குரிய சட்டத்தையேனும் வழங்கலாகாதா? கதவு பூட்டியபின் விசாரிப்பது காவலன்று. பூட்டுமுன் தடுப்பதே காவல். இன்றேல் அச்சட்டம் வெறுங் காகிதமே!