நெய்வேலி: தோண்டிய நிலம் விளைநிலமாகத் திரும்ப வேண்டும்

கோரிக்கை மனு

பெறுநர்: நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர், நிலக்கரி அமைச்சகம், இந்திய அரசு; மாவட்ட ஆட்சியர், கடலூர்.

பொருள்: நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் தோண்டி முடித்த நிலத்தை மண்வளத்தோடு மீட்டெடுத்தல், சுரங்க மூடல் நிதியை அதற்கேற்ப விடுவித்தல் தொடர்பாக.



நெய்வேலியில் 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து இந்த மண்ணிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. அதன் பயனை நாங்கள் மறுக்கவில்லை. சுரங்கம் முன்னேற முன்னேற, பின்னால் நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளம் கழிவுமண்ணால் நிரப்பப்படுகிறது. அந்த நிலம் மீட்கப்பட்டுவிட்டதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது என்பதே இம்மனுவின் கேள்வி. இதுவரை நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கையும் பசுமையான பரப்பின் அளவும் சான்றாகக் காட்டப்படுகின்றன. இவை போதா. மண் மீண்டதா, அதில் பயிர் விளைகிறதா என்பதே அளவுகோலாக வேண்டும் என்று நெய்வேலிச் சுற்றுவட்டார உழவர்களாகிய நாங்கள் எங்கள் சங்கத்தின் சார்பில் கோருகிறோம்.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்கு மேலே பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மணற்பாறையும் களியும் செம்மண்ணும் கிடக்கின்றன. பயிருக்கு வேண்டிய மட்கும், நுண்ணுயிரும், வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் இருப்பதோ மேலே உள்ள ஓரிரு அடி மண்ணில்தான். அந்த மெல்லிய அடுக்கைத் தனியே எடுத்து வைக்காமல் மற்றதோடு கலந்து கொட்டினால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவானது ஒரே நாளில் தொலைந்துபோகிறது. தனியே எடுத்தாலும், உயரமான குவியலாகப் பல ஆண்டு போட்டுவைத்தால் உள்ளே காற்றில்லாமல் உயிர் மடிந்துவிடும். கனரக வாகனங்கள் ஓடி இறுகிய தரையில் மழைநீர் இறங்காது, வேரும் இறங்காது. இப்படிப்பட்ட தரையிலும் தைலமரமும் சீமைக்கருவேலும் வளரும். தொலைவிலிருந்து பார்த்தால் பச்சையாகவே தெரியும். அந்தப் பச்சையை வைத்து நிலம் மீண்டுவிட்டது என்று சான்றளிப்பதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

மேற்பரப்பு மண்ணைப் பிரித்தெடுப்பது நெய்வேலியின் ராட்சத இயந்திரங்களால் ஆகாத காரியம் என்று சொல்லப்படலாம். அந்த வாளிச் சக்கர இயந்திரங்கள் வந்தது ஜெர்மனியிலிருந்து. அதே ஜெர்மனியின் ரைன்லாந்துப் பழுப்பு நிலக்கரிப் பகுதியில், அதே வகை இயந்திரங்களைக் கொண்டு லோஸ் எனப்படும் வளமான மண்ணைத் தனியாக எடுக்கிறார்கள். நிரப்பிய நிலத்தின் மேல் சுமார் 2 மீட்டர் கனத்துக்குப் பரப்புகிறார்கள். முதல் சில ஆண்டுகள் குதிரைமசால் பயிரிட்டு மண்ணைத் தேற்றுகிறார்கள். ஏழு ஆண்டுகள் சுரங்க நிறுவனமே பயிர் செய்து பார்த்த பிறகுதான் நிலம் உழவர் கைக்குப் போகிறது. நமக்கு லோஸ் மண் இல்லை என்பது உண்மைதான். ஆனால் முறை நமக்கும் பொருந்தும். குதிரைமசாலுக்குப் பதில் சணப்பும் தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் இங்கே உண்டு. முந்திரிக்கும் மணிலாவுக்கும் ரகங்கள் கண்ட விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருக்கிறது.

செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை. 2009-இல் நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட சுரங்க மூடல் வழிகாட்டு நெறிகள், திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் வீதம், மூடல் பணிக்கென ஒதுக்கிவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பணம் செலுத்தச் சொல்லின; பின்னர் அந்தத் தொகை உயர்த்தப்பட்டது. படிப்படியான மூடல் பணிகளைச் சரிபார்த்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதில் ஒரு பகுதி சுரங்க நிறுவனத்துக்குத் திருப்பித் தரப்படுகிறது. ஆக, பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது எந்தச் சான்றின் பேரில் வெளியே வருகிறது என்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், கடைசியாக விதைத்த ஆண்டுக்குப் பிறகு குறைந்தது ஐந்து ஆண்டுகள், வறண்ட பகுதிகளில் பத்து ஆண்டுகள், நிறுவனத்தின் பிணைப்பொறுப்பு நீடிக்கும் என்கிறது. நட்ட அன்று அல்ல, நின்று விளைந்த பிறகே பொறுப்பு தீரும். இங்கும் அப்படியே ஆக வேண்டும்: பரப்பிய மண்ணின் கனம், அங்ககக் கரிமம், கார அமில நிலை, இறுக்கம், நீர் இறங்கும் வேகம் ஆகியவற்றைச் சோதித்து, தொடர்ந்து மூன்று பருவம் பயிர் எடுத்து, விளைச்சலைப் பக்கத்துக் கிராம நிலங்களோடு ஒப்பிட்ட பிறகே தொகை விடுவிக்கப்பட வேண்டும். சான்றளிக்கும் குழுவில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உழவர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். முடிவுகளைத் தமிழில் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.

நிலத்துக்கு இழப்பீடு கொடுத்தாகிவிட்டது, இனி அதில் உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். மீட்கும் கடமை பட்டாவைப் பொறுத்ததல்ல. சுரங்கப் பணி முடிந்ததும் புல் வளர்த்து, தீவனமும் தாவரங்களும் விலங்கினங்களும் வளரத் தகுந்த நிலைக்கு நிலத்தைக் கொண்டுவரும் பொறுப்பைச் சுரங்கக் குத்தகை நிபந்தனையாக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நிலம் யார் பெயரில் இருந்தாலும் அந்தப் பொறுப்பு குத்தகைதாரருடையது. விளையத் தகுதியான நிலத்தை, நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும் அங்கே கூலிவேலை செய்து பிழைத்த நிலமற்றவர்களுக்கும் முன்னுரிமையோடு நீண்டகாலக் குத்தகைக்குத் தர வேண்டும். நிரப்பிய நிலத்தில் சூரிய மின்பலகைகளே வேண்டாம் என்று சொல்லவில்லை; மண் தேறாத மேடுகளில் அவற்றை அமைக்கலாம். விளைநிலத்தை முதலில் அவற்றுக்கு ஒதுக்கிவிடக் கூடாது. காடாக்கும் பகுதிகளில் இலுப்பை, நாவல், புங்கம், வேம்பு, பனை என இம்மண்ணின் மரங்கள் கலந்து வளரட்டும்.

கடைசியாகத் தண்ணீர். இதைத்தான் மூடல் திட்டத்தில் மிகவும் கவனிக்கக் கோருகிறோம். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீர், சுரங்கத் தளத்தைப் பிளந்துவிடாமல் இருக்க இரவும் பகலும் இறைக்கப்படுகிறது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது. சுரங்கம் மூடும் நாளில் பம்புகள் நின்றால், ஏரிகளுக்கு வரும் நீர் குறையும். நிலத்தடியில் நீர் ஏறும். நிரப்பிய மண் ஈரமாகி அங்கங்கே தாழும். கடைசிப் பள்ளம் ஏரியாக மாறும். எடுத்த நிலக்கரியின் இடத்தை நிரப்ப மண் போதாது என்பதால் அந்தப் பள்ளத்தை முழுதும் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஜெர்மனியின் நாக்டர்ஸ்டெட்டில், பழைய பழுப்பு நிலக்கரிப் பள்ளத்தை நீரால் நிரப்பிவந்தபோது 2009 ஜூலை 18-இல் கரை சரிந்து வீடுகளோடு மூவர் புதைந்தார்கள். சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் கழித்து நேர்ந்தது அது. கரைச் சரிவின் உறுதி, நீரின் தரம், ஏரிப் பாசனத்துக்கு மாற்று வழி ஆகிய மூன்றையும் ஆய்ந்து, மூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மக்கள் முன் வைக்க வேண்டும்.

அடுத்த ஐந்தாண்டுத் தொகை விடுவிக்கப்படுவதற்கு முன், மேற்கண்ட மண் சோதனையையும் பயிர்ச் சோதனையையும் நிபந்தனையாக்கி ஆணை பிறப்பிக்குமாறும், அதன் முதல் படியாக எங்கள் சங்கத்தையும் வேளாண் விஞ்ஞானிகளையும் அழைத்து நிரப்பப்பட்ட பகுதிகளில் கூட்டுக் கள ஆய்வு நடத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெய்வேலிச் சுற்றுவட்டார உழவர்கள், சங்கத்தின் சார்பில்