ஊவா மலைகளில் தாய்மையின் நிலை

கருவுற்ற பெண்ணொருத்தி நலமாகப் பிள்ளை பெற்று வீடு திரும்புவது அவள் செய்த புண்ணியத்தைப் பொறுத்ததன்று. அவள் வாழும் நாட்டின் ஆட்சியைப் பொறுத்தது. இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1947ஆம் ஆண்டில் இங்கு ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அண்மைக் காலத்தில் அத்தொகை முப்பது, நாற்பது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், வீடு வீடாக நடந்து சென்ற மருத்துவ மாதரும், காசு கேளாத வைத்தியசாலைகளும் சேர்ந்து செய்த சாதனை இது. இதனை எண்ணி நாமும் பெருமை கொள்கிறோம்.

ஆனால் சராசரிக் கணக்கு என்பது ஒரு போர்வை. அதன் கீழே யார் குளிரில் நடுங்குகிறார் என்பதை அது காட்டாது. அப்போர்வையைச் சற்றே விலக்கிப் பார்த்தால் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை, பூனாகலை மலைகளில் கொழுந்து பறிக்கும் நம் சகோதரியின் முகம் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர்; தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். குழந்தை குறுகிப் போவது பிறந்த பின் மட்டுமா தொடங்குகிறது? இரத்தச் சோகையோடு, கூடை சுமந்து, சரிவில் ஏறி இறங்கும் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்நிலை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1872இலும் பின்னர் 1912இலும் வெள்ளை ஆட்சி இயற்றிய மருத்துவச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளியின் நோய்க்குத் தோட்டத்தையே பொறுப்பாக்கின. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் தர வேண்டும், வைத்தியர் சொன்னாலன்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அனுப்பக் கூடாது என்று 1912இன் சட்டம் துரைமாருக்குக் கட்டளையிட்டது. அன்றைக்கு அது ஒரு சலுகைதான். ஆனால் அதே ஏற்பாடு, நாட்டின் பொதுச் சுகாதார அமைப்புக்கு வெளியே தோட்டத்தைத் தனித்தீவாக நிறுத்திவிட்டது. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. வாக்கில்லாத மக்களின் பிரசவ அறையைப் பற்றி எந்த மந்திரி கவலைப்படுவார்?

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 2003இல் எஞ்சியோருக்கும் குடியுரிமை கிடைத்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் என்ற பேச்சு 1990களிலிருந்து கேட்கிறது. சில பொறுப்பேற்கப்பட்டன, பல அப்படியே கிடக்கின்றன. கம்பனியைக் கேட்டால் அரசைக் காட்டுகிறது. அரசைக் கேட்டால் மாகாண சபையைக் காட்டுகிறது. மாகாணத்தைக் கேட்டால் பணமில்லை, ஆளில்லை என்கிறது. மூன்று வாசலிலும் தட்டி நிற்பவள் நிறைமாதக் கர்ப்பிணி!

பதுளை நகரில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. மகப்பேற்று நிபுணர்கள் இருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்த வங்கியும் இருக்கின்றன. அங்கு இரவு பகலாக உழைப்போரை நாம் குறை கூறவில்லை. குறை, வைத்தியசாலைக்கும் லயத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. பிரசவத்தின் பின் பெருகும் இரத்தத்தை நிறுத்தாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகக்கூடும் என்பது மருத்துவ உலகம் அறிந்த கணக்கு. மேற்பிரிவு லயத்திலிருந்து தோட்டத்து லொறியில் குலுங்கி, பிரதான வீதியை அடைவதற்கே அந்நேரத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுமாயின், நகரில் எத்தனை நிபுணர் இருந்தென்ன? 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வண்டி பெரும் நன்மை. ஆனால் வண்டி ஏறப் பாதை வேண்டுமே! 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் பாதைகளைப் பல இடங்களில் துண்டித்தது. மழை பெய்த போதெல்லாம் மலை மூடிக்கொள்ளும் நாட்டில், பிரசவ நாள் நெருங்கிய தாய்மார் முன்கூட்டியே வந்து தங்குவதற்குப் பசறையிலும் லுணுகலையிலும் ஒரு தங்குமனை வைப்பது பெருஞ்செலவான காரியமா?

பாதைக்கு அடுத்தது மொழி. மாதவிடாய் தவறியதையும், வெள்ளைபடுவதையும், அடிவயிற்று நோவையும் பெண் தன் தாயிடமே தாழ்ந்த குரலில்தான் சொல்வாள். அதனை வேற்று மொழியில், கணவனையோ பிள்ளையையோ மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சொல்வாள்? சொல்லாமலே திரும்புகிறாள், நோய் முற்றிய பின்னரே மீண்டும் வருகிறாள். தமிழ் அரசகரும மொழியென்று 1987இல் அரசியல் யாப்பில் எழுதப்பட்டது. அந்த எழுத்து கிளினிக்கின் வாசலுக்கு வந்து சேர்வது எப்போது?

பெண்ணின் உடல்நலம் பிரசவத்தோடு முடிவதன்று. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியச் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நடக்கின்றன. அதனைத் தடுக்கும் ஊசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு இலவசமாகப் போடப்படுகிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒவ்வொரு தோட்டப் பெண்ணும் அக்கிளினிக்குக்குப் போக வேண்டும். ஆனால் போனால் அன்றையப் பேர் போய்விடும். ஒரு நாள் கூலியா, உடல்நலமா என்று ஏழையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நீதியாகுமா?

பிள்ளையில்லாத துயரமும் உண்டு. மலடி என்ற கொடுஞ்சொல்லை அவள் தலையில் கட்டுகிறார்கள். குழந்தையின்மைக்கு ஏறக்குறையப் பாதி இடங்களில் ஆணிடத்தும் காரணமுண்டு என்பதை நம் ஆண்மக்கள் அறிய வேண்டும்; முதற் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போக வேண்டும். மறுபுறம், 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஐந்நூறு ரூபாய் கொடுத்தது. அன்றையத் தோட்டக் கூலிக்கு அது பெருந்தொகை. வறுமையின் முன் பணத்தை நீட்டிப் பெறும் சம்மதம் முழுச் சம்மதமாகாது. பெறுவதும் பெறாமலிருப்பதும், எல்லா வழிகளையும் தன் மொழியில் கேட்டறிந்து, அப்பெண்ணே செய்ய வேண்டிய முடிவு.

நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழ் பேசும் மருத்துவ மாது ஒருவர் வேண்டும். மகப்பேற்று நிபுணர் குறித்த நாளில் பிரதேச வைத்தியசாலைகளுக்கு வந்து நோயாளரைப் பார்க்க வேண்டும். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். தொழிற்சங்கங்கள் இதனைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை என்று 2018இல் திருத்தப்பட்ட பிரசவ நன்மைச் சட்டம், ஏட்டில் மட்டுமன்றிச் செக்ரோலிலும் இருக்க வேண்டும்.

அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் வாளாவிருக்கலாகாது. மருத்துவ மாதராக நம் பெண்கள் வர வேண்டுமாயின், தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். படித்துப் பட்டம் பெற்ற தமிழ் இளைஞரே, சில ஆண்டுகளை இந்த மலைகளுக்குக் கொடுங்கள். வெலிமடையில் கிழங்கும் மரக்கறியும் பயிரிடும் விவசாயப் பெருமக்களே, உங்கள் வண்டி நள்ளிரவில் ஓர் உயிரைக் காக்கலாம். அயல் லயத்தாருக்கு உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள்.

இந்நாட்டின் தேயிலையை உலகம் புகழ்கிறது. அதனைப் பறித்த கை தன் முதற் குழந்தையை ஏந்தும் முன்னே ஓய்ந்துவிடலாகாது. களுத்துறையில் 1926இல் முடிந்தது, நூறாண்டு கழிந்த பின்னும் மடுல்சீமையில் முடியாது என்றால், முடியாமையன்று அது, மனமில்லாமை. அந்த மனத்தை மாற்றும் பலம் வாக்குரிமை பெற்ற மக்களிடம் இருக்கிறது. அதனைப் பயன்படுத்துவோம்.