ஊரைக் கேட்காமல் சுரங்கம் வேண்டாம்

தமிழ்நாட்டில் சூழல் பணி செய்யும் இளைஞர் குழுக்களும் குடிமைச் சமூக அமைப்புகளும் சேர்ந்து வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கை

அணுக்கனிமங்களையும் முக்கியக் கனிமங்கள், உத்திசார் கனிமங்கள் என வகைப்படுத்தப்பட்டவற்றையும் தோண்டியெடுக்கும் திட்டங்களுக்கு, மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அது முழுமையாகத் திரும்பப் பெறப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. இதில் எங்களுக்குப் பாதி வழி இல்லை.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அதன் கீழ் 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தபோது கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமாக இல்லை. 1997 திருத்தம்தான் அதைக் கட்டாயமாக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி இதழாக இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். பேச்சு முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். கூட்டம் முடியும்போது, சொல்லப்பட்டவற்றின் தொகுப்பை ஊர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். கரமடி இழுக்கிறவரும் கத்தரிக்காய் பயிரிடுகிறவரும் திட்டக்காரரின் முகத்துக்கு நேராக நின்று கேள்வி கேட்டு, அதை அரசு ஏட்டில் ஏற்றிவிடச் சட்டம் தரும் இடம் இந்தக் கூட்டம்.

இதற்குத் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. ஊர் முழுக்க வேண்டாம் என்று சொன்னாலும் நிபுணர் குழு பரிந்துரைக்கலாம், அமைச்சகம் அனுமதி தரலாம். மக்கள் எழுப்பிய கவலைகளுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். இத்தனை மெலிந்த உரிமையையும் எடுத்துவிட்டால் ஊருக்கு மிஞ்சுவது போராட்டப் பந்தலும் நீதிமன்ற வாசலும்தான். கூட்டம் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கேட்காமல் விட்ட கேள்வி ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை.

அரிட்டாபட்டியில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சுமார் 2,015 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போனது. அந்த எல்லைக்குள் வந்த அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏழு மலைக்குன்றுகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுக்கை, லகர் வல்லூறு, சுனைகளிலிருந்து நீர் பெறும் கண்மாய்கள் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. ஏல அறிவிப்பு வந்த பிறகுதான் ஊருக்கே செய்தி தெரிந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

டங்ஸ்டனும் முக்கிய, உத்திசார் கனிமப் பட்டியலில்தான் இருக்கிறது. ஏலம் விடும் கட்டத்தில் ஊரைக் கேட்க வேண்டும் என்று விதி இல்லை; சூழல் அனுமதிக் கட்டத்தில்தான் கருத்துக்கேட்பு வரும். புதிய குறிப்பாணைப்படி அந்தக் கட்டத்திலும் கேட்க வேண்டியதில்லை. நாளை இன்னொரு அரிட்டாபட்டி வந்தால், முதல் கையெழுத்திலிருந்து முதல் பொக்லைன் வரை ஊருக்கு முறையாகப் பேச ஓர் இடமும் இருக்காது.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் ஏறத்தாழ 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமமான மோனசைட் உள்ளிட்ட கனிமங்களைக் கொண்ட மணலை எடுக்கத் திட்டமிட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு, கடற்கரை ஊர்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஊர்களின் கேள்விகள் தெளிவானவை. மணல் போனால் கடலரிப்பு எவ்வளவு கூடும்? ஊருக்குள் கடல் ஏறாமல் இருக்கத் தூண்டில் வளைவு கேட்டுக் காத்திருக்கும் இடங்களில் இந்தக் கணக்கைப் போட்டது யார்? இயற்கையிலேயே கதிரியக்கம் மிகுந்த கரையில், பிரித்தெடுத்த பின் திரும்பக் கொட்டும் மண்ணை யார், எத்தனை ஆண்டு அளந்து பார்ப்பார்கள்? நிலத்தடி நீர் என்ன ஆகும்? இவற்றுக்கு விடை இருக்குமானால் ஊர் நடுவில் சொல்லலாம். விடை இல்லை என்றால், அனுமதிக்கு முன்பே அது வெளியே தெரிவது நாட்டுக்கும் நல்லது.

மறுபக்கத்தில் இருக்கும் நியாயத்தை நாங்கள் அறிவோம். காற்றாலையின் காந்தத்துக்கும் மின்வாகன மோட்டாருக்கும் அருமண் தனிமங்கள் வேண்டும். அவற்றைப் பதப்படுத்தும் தொழிலில் பெரும்பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. நிலக்கரியிலிருந்து விடுபட வேண்டும் என்று கேட்கிறவர்களும் நாங்கள்தான். ஆகவே எந்தக் கனிமத்தையும் எங்கும் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் காலநிலை நெருக்கடிக்கான தீர்வின் விலையை, அந்த நெருக்கடியில் முதலில் அடிவாங்கும் கடலோர மக்களின் வாயை அடைத்து வசூலிப்பது அநீதி. நாட்டுப் பாதுகாப்பு தொடர்பான திட்டங்களுக்கு 2006 அறிவிக்கையிலேயே விலக்கு உண்டு. அந்த விலக்கின் பெயரில் கனிமப் பட்டியலையே முழுசாக உள்ளே கொண்டுவருவதைத்தான் ஏற்க மறுக்கிறோம். இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒன்றிய அளவில் பரிசீலிக்கப்படும் என்கிறது குறிப்பாணை. டெல்லியில் உட்கார்ந்து பார்க்கும் நிபுணருக்குக் கிள்ளியூர் வட்டத்து மிடாலத்துக் கரை ஆனியில் எங்கே கரைகிறது, எங்கே சேர்கிறது என்று எந்தக் கோப்பு சொல்லும்?

இதை இளைஞர் அமைப்புகள் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மரக்கன்று நடும்போது எங்களை எல்லோரும் மேடையேற்றுகிறார்கள். திட்ட அறிக்கையின் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினால் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். 2020இல் ஊரடங்கின் நடுவே புதிய தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தது. கருத்துக்கேட்புக்கான 30 நாள் கால அளவை 20 நாளாகக் குறைக்கவும், அனுமதி பெறாமல் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னால் அனுமதி தரவும் அது வழிசெய்தது. டெல்லி உயர்நீதிமன்றம் கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அட்டவணை மொழிகள் 22இலும் வரைவை மொழிபெயர்க்கச் சொன்னது. மாணவர்களும் தன்னார்வலர்களும் வரைவைத் தங்கள் மொழிகளில் விளக்கினார்கள். நாடு முழுவதிலுமிருந்து லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் போயின. அந்த ஜூலையில் ‘ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா’ இளைஞர்களின் வலைத்தளம் முடக்கப்பட்டது. டெல்லி காவல்துறையின் நோட்டீஸில் பயங்கரவாதத்துக்கு எதிரான ஊபா சட்டமே குறிப்பிடப்பட்டு, பிறகு தவறுதலாக வந்ததென்று திரும்பப் பெறப்பட்டது. அமைச்சருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னதற்குக் கிடைத்த பதில் அது. வரைவு இறுதி அறிவிக்கையாக வரவில்லை. ஆனால் அதே திசையில் மாற்றங்கள் ஒவ்வொன்றாகக் குறிப்பாணை வடிவில் வருகின்றன. வரைவு அறிவிக்கை என்றால் மக்கள் கருத்துச் சொல்ல 60 நாள் தர வேண்டும். குறிப்பாணைக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

தமிழ்நாட்டுக்குக் கருத்துக்கேட்பு இல்லாமையின் விலை தெரியும். தூத்துக்குடியில் தாமிர ஆலை விரிவாக்கத்துக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22இலும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 23 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கத்துக்குத் தடை விதித்து, கருத்துக்கேட்பு நடத்தியாக வேண்டும் என்றது. அந்த உத்தரவு ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் கேட்கிறது.

தமிழ்நாடு அரசும் செப்டம்பர் 8 குறிப்பாணையை எதிர்த்து ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அதை வரவேற்கிறோம். அதே அக்கறையை மாநிலம் தன் கையில் உள்ளவற்றிலும் காட்ட வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்க, சில பக்கச் சுருக்கம் மட்டும் தமிழில் தரப்படுகிறது. கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய அட்டவணையும் நீரியல் கணக்கும் அந்தச் சுருக்கத்தில் இருப்பதில்லை. முழு அறிக்கையும் தமிழில், கூட்டத்துக்கு 30 நாள் முன்பே, ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். கூட்டம் பாதிக்கப்படும் ஊரிலேயே நடக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகத் தொடங்கும் வாரத்திலும் அறுவடை நாளிலும் வைக்கக் கூடாது. பெண்கள் பேசத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். மேடைக்கு முன்னால் திட்டக்காரர் கூட்டிவந்த ஆட்கள் நிறைந்திருக்கையில் மைக் பெண்கள் கைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அணிகளுக்கும் பள்ளிகளின் தேசியப் பசுமைப் படைக்கும் எங்கள் வேண்டுகோள் இது: கன்று நடுங்கள், கூடவே உங்கள் மாவட்டத்தின் ஒரு தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மாணவர்களிடம் கொடுத்து, அதில் சொல்லப்பட்ட ஓடையும் பறவையும் களத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

எங்கள் உறுப்பு அமைப்புகள், சுரங்கத் திட்டம் உள்ள ஊராட்சிகளில் வரும் கிராம சபைகளுக்கான தீர்மான வரைவை ஊர் மக்களோடு அமர்ந்து எழுதும். திட்ட அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று, தமிழில் மொழிபெயர்த்து, ஊராட்சிக்கு இலவசமாகத் தரும். நிறைவேறும் தீர்மானங்களின் நகல்கள் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒன்றிய அமைச்சகத்துக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பப்படும்.