மரத்துக்கு யார் பொறுப்பு?

2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியதை நாம் மறக்கவில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாயும் மரம் மாடி வீட்டின்மீதும் விழும், குடிசையின்மீதும் விழும், நசுங்குவதோ குடிசை!

ஆகவே மரமே வேண்டாம் என்போமா? மாட்டோம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குச் சைக்கிள் மிதிக்கும் தொழிலாளிக்குத் தெருமரந்தானே குடை! அந்தக் குடையின் வேரைச் சிமெண்டால் அடைக்கிறார்கள். பட்டையில் ஆணியறைந்து விளம்பரம் மாட்டுகிறார்கள். மூச்சடைத்த வேர் காற்றுக்குத் தாங்குமா? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டில்லிக்குக் கட்டளையிட்டது. அந்த நியாயம் நம் ஊருக்கும் பொருந்தாதா என்று கேட்கிறோம்.

அண்டை வீட்டு மரம் விழும் நிலையிலிருந்தால் அரிவாள் தூக்க வேண்டாம், சட்டம் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா'வின் 152-ஆம் பிரிவு. வாயில் நுழையாத பெயரைச் சூட்டினார்கள், சாரம் மாறவில்லை. ஆபத்தான மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ உரியவருக்குக் கோட்டாட்சியர் ஆணையிடலாம்.

தெருமரத்தை நாமாக வெட்ட உரிமையில்லை. காக்கும் கடமை உண்டு. மழைக்கு முன்பே நகராட்சி பட்ட கிளைகளைக் கழிக்கட்டும். தோழர்களே, ஆணியைப் பிடுங்குங்கள், வேருக்கு வழிவிடுங்கள், சாய்ந்த மரத்தைக் கண்டால் தெருவார் கையொப்பமிட்டு மனுக் கொடுங்கள். புயலுக்குப்பின் வடிக்கும் கண்ணீர் எந்தக் குடிசையையும் நிமிர்த்தாது!