சோம்புத் தட்டில் இருபது ரூபாய்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாம்பலத்தில் நாங்கள் வழக்கமாகப் போகிற ஓட்டலுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். இரண்டு ரவா தோசை, ஒரு அடை அவியல், இரண்டு காபி. பில் 347 ரூபாய். நான்கு நூறு ரூபாய் நோட்டுகளை வைத்தேன். பாக்கி 53.

இந்தப் பாக்கி எப்படித் திரும்பி வருகிறது என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? ஒரே ஐம்பது ரூபாய் நோட்டாக ஒரு நாளும் வராது. இரண்டு இருபது, ஒரு பத்து, மேலே மூன்று ரூபாய்க்கு நாணயம். சோம்புக்கும் கற்கண்டுக்கும் நடுவில் விசிறி மாதிரி விரித்து வைத்திருப்பார் சர்வர். ஐம்பதாக வந்தால் ஆசாமி அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். பத்தும் இருபதுமாக வந்தால் மனசாட்சி விழித்துக்கொள்ளும். பொருளாதாரப் பேராசிரியர்கள் எல்லாம் அவரிடம் வந்து டியூஷன் படிக்கலாம்.

நான் பத்தை விட்டுவிட்டு மீதியை எடுத்தேன். மேஜைக்கு அடியில் என் கால் மேல் ஒரு மிதி விழுந்தது.

"இருபதா வையுங்க. அசிங்கமா இருக்கு."

"பத்து ரூபாய் எந்தக் காலத்துலேர்ந்து அசிங்கமாச்சு?"

"உங்கப்பா நாலணா வெச்ச காலத்துல ஒரு காபி என்ன விலை? அந்தக் கணக்குப் பார்த்தா இருபதே கம்மி."

அப்பாவை இழுத்தால் நான் பேச மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பத்து இருபதாயிற்று.

அப்பாவின் நாலணா எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். சர்வர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது டபராவுக்கு அடியில் மெதுவாகத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "கையில குடுத்தா அவன் நமக்கு ஒரு கும்பிடு போடணும். அடியில வெச்சுட்டா அந்தச் சிரமம் இல்லை பாரு" என்பார். விளைவு, எப்போது போனாலும் ஃபேனுக்குக் கீழே இடம், கேட்காமலே இரண்டாவது கரண்டி சாம்பார். நாலணா நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

எங்கள் மாடி வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். பாங்க்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். ஓட்டலில் பாக்கி மூன்று ரூபாயையும் எண்ணி எடுத்துக்கொள்வார். சர்வர் தலையைச் சொறிந்தால், "பேனுக்கு மருந்து போடுப்பா" என்று சொல்லக்கூடியவர்.

"சார், நான் முப்பத்தஞ்சு வருஷம் கவுன்ட்டர்லயும் கேபின்லயும் குப்பை கொட்டினேன். ஒருத்தராவது 'இந்தா காபி சாப்பிடு'ன்னு பத்து ரூபா நீட்டினாங்களா? நீட்டியிருந்தா நான் வாங்கியிருப்பேனா? வேலை செய்யறவனுக்குச் சம்பளம். அதுக்கு மேல குடுக்கறது மரியாதை இல்ல, அவமரியாதை. சரி, தோசை கொண்டு வர்றவருக்குக் குடுக்கறீங்க. பஸ் கண்டக்டருக்கு ஏன் குடுக்கறதில்ல? ராத்திரி முழுக்க ஊசி போடற நர்ஸுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அதனால் 'கஞ்சர்' என்று மனசுக்குள் திட்டிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். ஆனாலும் உறுத்தியது. பத்தி எழுதுகிறவனுக்கு உறுத்தினால் இரண்டு நாளைக்குக் கண்டதையும் படிப்பான். படித்தேன்.

முதலில் ஒன்று. 'டிப்ஸ்' என்பது 'சுறுசுறுப்பான சேவைக்காக' என்று அர்த்தம் வருகிற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது பின்னால் யாரோ கட்டிவிட்ட கதை.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வேரூன்றிய கதை அவ்வளவு தமாஷ் இல்லை. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையானார்கள். புல்மேன் என்கிற கம்பெனி தன்னுடைய படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் அந்தக் கறுப்பின ஆட்களை ஏராளமாகப் போர்ட்டர் வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம். மீதியைப் பயணிகள் 'பார்த்துப் போட்டுக் கொடுப்பார்கள்' என்பது கம்பெனியின் கணக்கு. படுக்கை விரித்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, சிரித்த முகமாக நின்றால்தான் அன்றைக்குச் சாப்பாடு. அவர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்து, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937-ல்தான் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

நடுவில் வாஷிங்டன் மாநிலத்தில் 1909-ல் 'டிப்ஸ் கொடுப்பதே குற்றம்' என்று ஒரு சட்டம்கூடப் போட்டுப் பார்த்தார்கள். நாலே வருஷத்தில் ரத்து!

இன்றைக்கும் அமெரிக்க மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான். 1991-லிருந்து இதே ரேட்! மற்றவர்களுக்கு 7 டாலர் 25 சென்ட். டிப்ஸையும் சேர்த்து அந்த அளவு வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல மாநிலங்களில் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆக, அங்கே பதினெட்டு சதவீதம், இருபது சதவீதம் என்று சாப்பிட வந்தவன் வைத்துவிட்டுப் போவது இனாம் இல்லை. முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதி.

நியூயார்க்கில் டேனி மேயர் என்கிற பெரிய ஓட்டல்காரர் 2015-ல் "எங்கள் ஓட்டல்களில் இனி டிப்ஸ் கிடையாது, விலையைக் கூட்டி, சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம்" என்று அறிவித்தார். நல்ல யோசனைதானே? 2020-ல் டிப்ஸ் மறுபடியும் வந்துவிட்டது. ஜப்பானிலோ தலைகீழ். டிப்ஸ் வைக்கிற வழக்கமே கிடையாது. மேஜையில் காசை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்துவிடுவார்கள்.

நம் ஊருக்கு வருவோம். பெரிய ஓட்டல்களில் பில்லிலேயே 'சர்வீஸ் சார்ஜ்' என்று பத்து சதவீதம் போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் ஆணையம் சொன்னதே சரி என்றது. விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

அதே 2025-ல், மே மாதம், இன்னொரு வேடிக்கை. வாடகைக் கார் கூப்பிடுகிற ஆப் ஒன்றில், வண்டி வருவதற்கு முன்பே 'அட்வான்ஸ் டிப்ஸ்' கேட்டார்கள். கொடுத்தால் வண்டி சீக்கிரம் வருமாம். ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அனுப்பாமல்? காரியம் முடிந்து பிரியப்பட்டுக் கொடுத்தால்தான் இனாம். காரியம் நடக்க வேண்டுமே என்று முன்கூட்டியே கொடுத்தால் அதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதற்கு முன்பே கையை நீட்டுகிற ஆஸ்பத்திரியில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, புதன்கிழமை அதே ஓட்டலுக்குத் தனியாகப் போனேன். பர்ஸில் பணம் இல்லை. இப்போதெல்லாம் யார் பர்ஸில் பணம் வைத்துக்கொள்கிறார்கள்? மேஜை மேலிருந்த கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து, 110 ரூபாய் பில்லுக்கு 140 போட்டு அனுப்பினேன்.

"அண்ணே, முப்பது சேர்த்துப் போட்டிருக்கேன், உங்களுக்கு" என்றேன் பெருமையாக.

சர்வர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "ரொம்ப நன்றி சார். தப்பா நெனைக்காதீங்க, அது நேரா ஓனர் அக்கவுன்ட்டுக்குப் போயிரும்."

"நீங்க கேட்டு வாங்கிக்க முடியாதா?"

"மாசம் முடியட்டும், கணக்குப் பாத்துத் தரேன்னாரு. அந்த மாசந்தான் முடிய மாட்டேங்குது."

இங்கிலாந்தில் வாடிக்கையாளர் தருகிற டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேரவேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து சட்டமே நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "அப்படியா சார்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு அதனால் என்ன? கூட்டம் இல்லாத நேரம். கொஞ்சம் பேசினார்.

"ரெண்டு வருசமாச் சம்பளம் ஏத்தல சார். கேட்டா, 'உனக்கென்னப்பா, டிப்ஸ் வருதுல்ல'ங்கறாரு. பொண்ணு காலேஜுக்கு லோன் கேட்டு பாங்க்குக்குப் போனேன். சம்பள சீட்டு கேட்டாங்க. சீட்டுல டிப்ஸ் வருமா? காய்ச்சல்னு நாலு நாள் படுத்துட்டா யாரு சார் டிப்ஸ் குடுப்பா? எனக்காவது உங்கள மாதிரி நாலு பேர் பாத்துக் குடுக்கறீங்க. உள்ள பாத்திரம் தேய்க்கற அம்மாவுக்கு அதுவும் இல்ல. சாயங்காலம் வர்றதுல நாங்களா கொஞ்சம் எடுத்துக் குடுப்போம். அவங்க மூஞ்சியே உங்களுக்குத் தெரியாதே."

எனக்குக் காபி இறங்கவில்லை. இத்தனை வருஷமாகச் சோம்புத் தட்டில் நான் வைத்த பத்தும் இருபதும் இவருக்குச் சம்பளம் ஏற்றாமல் இருப்பதற்கு முதலாளிக்கு ஒரு சாக்காக அல்லவா ஆகியிருக்கிறது? அதற்காக வைக்காமல் வந்துவிடலாமா என்றால், நான் நிறுத்தினால் முதலாளிக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டம் இவருக்கும் அந்தப் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கும்தான். இதில் இன்னொரு கூத்து, தோசை விலை ஐந்து ரூபாய் ஏறிய அன்று இதே ஓட்டலில் அதிகமாகக் கத்தியவன் நான்!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்கும் கோபம் வந்தது.

"என்ன மனுஷன்ங்க அவரு! அவங்கவங்க பிரியப்பட்டுக் குடுக்கறதைக் காரணம் காட்டி வயித்துல அடிக்கறதா?"

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா. துடைப்பதை நிறுத்தாமல், குனிந்த தலை நிமிராமல், சாதாரணமாகச் சொன்னார்:

"மேல் வீட்டு சார் இந்த மாசம் ஐந்நூறு ஏத்திட்டாரும்மா. வருசா வருசம் சித்திரை பொறந்தா அவரா ஏத்திடுவாரு. மாசம் நாலு நாள் லீவும் உண்டு. அதுக்குப் பிடிக்கறதில்ல."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் கடைசியாக எப்போது ஏற்றினோம்? இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராத அளவுக்கு நாளாகிவிட்டது.

"தீபாவளிக்குப் புடவை எடுத்துக் குடுத்தோமே..." என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி.

"பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கையில இருநூறு ரூபாய்..." என்றேன் நான்.

சொல்லும்போதே இந்தக் குரலை இன்றைக்கு வேறெங்கோ கேட்ட மாதிரி இருந்தது. 'உனக்கென்னப்பா, டிப்ஸ் வருதுல்ல!'

மூன்று ரூபாயை எண்ணி எடுத்துக்கொள்கிற மாடி வீட்டுக்காரரைக் 'கஞ்சர்' என்று திட்டினேனே, அதை இந்தப் பத்தி மூலமாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் அவருடைய கட்சியில் நான் முழுசாகச் சேரவில்லை. முதலாளி சரியான சம்பளம் கொடுக்கிற நாள் வரும்வரை சோம்புத் தட்டில் இருபது ரூபாய் வைப்பேன். நோட்டாக வைப்பேன், போனில் அனுப்ப மாட்டேன். சர்வர் சிரித்தாரா, கும்பிட்டாரா என்று பார்க்க மாட்டேன். தோசை விலை ஏறினால் கத்துவதற்கு முன்னால், அந்த ஐந்து ரூபாய் சம்பளமாகப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்பேன். ஓட்டலில் என்னால் முடிவது அவ்வளவுதான். அங்கே நான் சாப்பிட வந்தவன். ஆனால், என் வீட்டில் நான்தானே முதலாளி?

மறுநாள் காலையில் மனைவி அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இந்த மாசத்திலிருந்து ஐந்நூறு சேர்த்துத் தருகிறோம், மாசம் நாலு நாள் லீவு, பிடித்தம் கிடையாது என்று சொன்னாள்.

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, புதுசா என்ன வேலை சேத்துச் செய்யணும்?"

ஒன்றும் வேண்டாம் என்று சொன்னோம். அவர் இன்னும் நம்பவில்லை.