கொடைக்கானலும் குன்னமும்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நமது குன்னத்துக் கடைத்தெருவில் இரண்டு விஷயங்கள் தவறாமல் தோன்றிவிடுகின்றன. ஒன்று, நுங்கு வண்டி. மற்றொன்று, கோடை முகாம் விளம்பரம். நுங்கைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. விளம்பரத் துண்டுகளைத்தான் இந்த வருஷம் சேர்த்து வைத்துப் படித்துப் பார்த்தோம். பத்தே நாளில் அழகிய கையெழுத்து, பத்தே நாளில் சரளமான ஆங்கிலம், பத்தே நாளில் அபார ஞாபக சக்தி. முடிவில் ஒரு சான்றிதழ், ஒரு கேடயம். ஐந்து துண்டுகளில் மூன்றில் 'மாண்டிசோரி முறைப்படி' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக் கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆகவே அதில் சட்டக் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பெயருக்கு உரிய அம்மையார் நம் தமிழ் நாட்டில் கழித்த கோடைகள் எத்தகையவை என்பதை நேயர்கள் அறிந்தால், துண்டுக் காகிதத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்று தோன்றுகிறது.

டாக்டர் மேரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ஆம் வருஷம் இத்தாலியில் பிறந்தவர். வைத்தியப் பட்டம் பெற்றவர். 1907-இல் ரோமாபுரியின் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தாய் தந்தையர் கூலி வேலைக்குப் போனபின், கவனிப்பாரின்றி மாடிப் படிகளில் திரிந்து, சுவரைப் பாழ்படுத்திக் கொண்டிருந்த பிள்ளைகள்தாம் அவருடைய முதல் மாணாக்கர்கள். இன்று மாண்டிசோரி என்றவுடன் பணக்காரர் வீட்டுக் குழந்தைகளும், பளபளக்கும் மரச் சாமான்களும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது காலத்தின் கோலம்.

அடையாறு பிரம்ம ஞான சபையின் தலைவராயிருந்த டாக்டர் அருண்டேலும், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் அம்மையார் 1939-இன் பிற்பகுதியில் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. உடன் வந்தவர் அவருடைய புதல்வர் மாரியோ. தேசத்தின் பல மாகாணங்களிலிருந்தும் ஏறக்குறைய முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டகையில், தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ ஆங்கிலத்தில் மொழி பெயர்ப்பார்.

சில மாதங்களுக்கென்று வந்தவர்களை யுத்தம் பிடித்துக் கொண்டது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் சர்க்காரின் கண்ணுக்குத் தாயும் மகனும் பகை நாட்டார் ஆகிவிட்டனர். முசோலினியின் ஆட்சியோடு 1934-லேயே உறவு முறிந்தவர் இந்த மூதாட்டி என்பதைச் சர்க்காரின் தஸ்தாவேஜுகள் கவனிக்கவில்லை போலும்! மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாற்று எல்லைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அவ்வருஷம் ஆகஸ்டு 31-ஆம் தேதி, அவரது எழுபதாவது பிறந்த நாளன்று, பரிசு போல மகனை விடுதலை செய்தார் வைசிராய். தாய்நாடு திரும்பும் வழி மட்டும் திறக்கவில்லை.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினார்கள். வெயிலுக்கு அஞ்சிப் பலரும் ஏறும் மலை அது. இவர்களுக்கோ ஒருவகையில் காவல். அந்த மலையில்தான் பல வயதுக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு சிறு பள்ளி நடந்தது. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்கிரமரத்தின என்னும் ஆசிரியை உடனிருந்து உழைத்தார். சோலையும் ஓடையும் பாசியும் பூச்சியுமே அங்கே பாட புத்தகம். பெரிய குழந்தைகள் இலைகளின் வடிவங்களை வகைப்படுத்துவதைச் சிறு குழந்தைகள் எட்டிப் பார்த்துத் தாங்களும் கற்றுக் கொண்டனவாம். ஆறு வயதைக் கடந்த குழந்தைக்கு உலகத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்காமல், முழுப் பிரபஞ்சத்தையும் முதலில் காட்டிவிட வேண்டும் என்ற அம்மையாரின் கொள்கை அங்கே உருப்பெற்றது. அதற்கு நாம் பிரபஞ்சக் கல்வி என்று பெயர் சொல்லலாம். உலகெங்கும் இன்று மாண்டிசோரி பள்ளிகளில் பெரிய பிள்ளைகளுக்கு நடக்கும் பாடத்தின் வேர், நமது பழனி மலைத் தொடரில் இருக்கிறது. சான்றிதழ் உண்டா? கேடயம் உண்டா? பரிசும் தண்டனையும் குழந்தைக்கு வேண்டா என்பதே அவருடைய சித்தாந்தம்.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், சென்ற மே மாதம் நாமும் ஒரு கோடைப் பள்ளி நடத்தத் துணிந்தோம். வேப்ப மரத்தடி, காலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை, பத்து நாட்கள், கட்டணம் கிடையாது. இருபத்திரண்டு குழந்தைகள் வந்தார்கள். துணைக்கு உபாத்தியாய நண்பர் ஒருவர்.

முதல் நாள் அனுபவத்தைச் சொல்லத்தான் வேண்டும். மாண்டிசோரி முறையில் அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகள் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுதல், தானியம் பிரித்தல், பொத்தான் போடுதல், பெருக்குதல், பாத்திரம் துலக்குதல் முதலியன. இரண்டு செம்பு, ஒரு தாம்பாளம், உரிக்காத வேர்க்கடலை, பழைய சட்டை ஒன்று, இவற்றை வைத்துக் கொண்டு நாம் பெருமிதத்தோடு காத்திருந்தோம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். செம்பு நீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். கடலையை மளமளவென்று உரித்துத் தள்ளினாள். எல்லாம் ஐந்து நிமிஷம். பிறகு நிமிர்ந்து, "அடுத்தது என்ன வேலை, சார்?" என்று கேட்டாள்.

நமக்கு நாக்குப் புரளவில்லை. விடியற்காலையில் குழாயடியில் வரிசை நின்று குடம் சுமந்து, தம்பிக்குத் தலை வாரி, வாசல் பெருக்கிவிட்டு வந்திருக்கும் குழந்தைக்கு நாம் நீர் ஊற்றக் கற்றுக் கொடுக்கிறோம்! வேலைக்காரி வைத்திருக்கும் வீட்டுக் குழந்தைக்கு அது விடுதலை; இவளுக்கோ அது இன்னொரு வேலை. முறையைப் பிடித்துக் கொண்டு குழந்தையைப் பார்க்கத் தவறினோம். அம்மையாரே இருந்திருந்தால் முதலில் நம்மைத்தான் திருத்தியிருப்பார்.

மறுநாள் தாம்பாளத்தில் கடலைக்குப் பதிலாகக் கற்களை வைத்தோம். வாய்க்கால் கரையிலும் பழைய சுவர்களிலும் கிடந்தவைதாம்: சிப்பி பதிந்தவை, நத்தைச் சுருள் பதிந்தவை, வெறும் உருண்டைகள். அருகில் ஒரு பூதக் கண்ணாடி. அந்தச் சிறுமி அதை எடுத்துக் கொண்டு மரத்தின் மறு பக்கம் போய் உட்கார்ந்தாள். கால்மணி, அரைமணி, முக்கால்மணி ஆயிற்று. நாம் விளக்கம் சொல்லப் புறப்பட்டோம். நண்பர் நம் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். ஆழ்ந்திருக்கும் குழந்தையைக் குறுக்கிடலாகாது என்ற விதியை அவர் நினைவில் வைத்திருந்தார். ஒரு மணிக்கு மேல் அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. வீட்டில் அப்படி ஒரு மணி நேரம் அவளுக்கு வாய்த்திருக்குமா?

கற்களுக்கு வருவோம். 2020 அக்டோபரில் நமது குன்னத்துக் குளத்தில் மண் எடுத்தபோது பெரிய முட்டை போன்ற கற்கள் வெளிப்பட்டதும், டைனோசர் முட்டை என்று ஊரெங்கும் செய்தி பரவிக் கூட்டம் திரண்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டு என்ற கடற் பிராணியைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகியவை என்று அறிஞர்கள் பின்னர் தெரிவித்தார்கள். அம்மோனைட்டு, கணவாய்க்கு உறவான பிராணி. சுருள் ஓடு உடையது. டைனோசர்களோடு மறைந்து போயிற்று. நம் வீட்டுப் பூஜையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அதன் கல்லுருவேயாகும். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தன என்பதற்கு இவை சாட்சி.

காலத்தைக் காட்ட மாண்டிசோரி பள்ளிகளில் நீண்ட கறுப்புத் துணியை உருட்டி விரிப்பார்கள். பூமியின் வயதெல்லாம் கறுப்பு, கடைசியில் மனிதனுக்கு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. நமக்குத் துணி வாங்க வசதியில்லை. வற்றிப் போன கிணற்றுக் கயிறுகளை இரவல் வாங்கி முடிச்சிட்டு, 46 மீட்டர் அளந்தோம். பூமியின் வயது 460 கோடி வருஷம். ஆகவே ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வருஷம். குழந்தைகள் கயிற்றோரமாக நடந்தார்கள். முதல் பத்துப் பதினொரு மீட்டரில் உயிரின் தடயமே இல்லை. "இன்னும் ஒண்ணுமே வரலையே, சார்!" என்று ஒரு பொடியன் அலுத்துக் கொண்டான். டைனோசர்கள் மறைந்த இடம், முடிவிலிருந்து 66 சென்டிமீட்டர். அங்கே ஒரு பருத்திப் பஞ்சைக் கட்டினோம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம் 12 கோடி வருஷத்தது. கடலில் அடித்துச் செல்லப்பட்டு மண்ணில் புதைந்து கல்லானது. அதற்கு 120 சென்டிமீட்டரில் இன்னொரு பஞ்சு. அந்த மரத்தைப் புவியியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தது 1940-இல். அம்மையார் அடையாற்றில் அடைபட்டிருந்த அதே வருஷம். மனித குலம் முழுவதும் கயிற்று நுனியில் மூன்று மில்லிமீட்டர். குழந்தைகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

ஆறாம் நாள் ஒரு தகப்பனார் வந்தார். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர். "சார், தப்பா நினைக்காதீங்க. கல்லையும் கயிறையும் பார்க்கிறதுக்கு வீட்டிலேயே இருக்கலாமே. நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தா புண்ணியமா இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலம் அறியாததனால் தாம் பட்ட இடர்களை அவர் அறிவார்; நாம் அறியோம். மகனை மறுநாள் முதல் வேறிடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டு நின்றார். அப்போது அந்தப் பையன் கயிற்றண்டை நின்றுகொண்டு, "எங்கப்பா லாரியிலே கடலைத்தான் ஏத்திக்கிட்டுப் போறாரு!" என்று தோழர்களிடம் கூவினான். வேர்க்கடலையை நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடலை இல்லைடா, கடல்! சிப்பியெல்லாம் சேர்ந்துதானே சுண்ணாம்புக்கல்!" என்று பஞ்சு கட்டிய இடத்தைக் காலால் உதைத்துக் காட்டினான். தகப்பனார் கயிற்றைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பையன் வந்தானா என்று நேயர்கள் கேட்கலாம். வந்தான், எட்டு மணிக்கெல்லாம் ஆங்கில வகுப்புக்கு ஓடிவிட்டான். அப்படியே மீதி நாட்களும்.

நமது ஊர் அங்கன்வாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குஜராத்தில் பவநகரில் 1920-இல் பாலமந்திரம் கண்ட கிஜுபாய் பதேகாவிடம் மாண்டிசோரி முறையைப் பயின்றவர் தாராபாய் மோடக். விலையுயர்ந்த சாமான்கள் ஏழைகளுக்கு எட்டா என்று கண்டு, கிடைத்த பொருள்களைக் கொண்டே நடத்தினார். 1945-இல் போர்டி என்னும் கிராமத்தில், குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்று அநுதாயி வாக் அம்மையாருடன் புறப்பட்டார். அங்கணம் என்றால் முற்றம்; அங்கன்வாடி என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது அவர்களால்தான். 1975-இல் தேசத் திட்டமாயிற்று. ஆகவே மாண்டிசோரியின் வாரிசைத் தேடிப் பலகை பார்த்து அலைகிறவர்கள், சத்துமாவு வாசனை வரும் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். அங்கே ஒரே அறையில் எடை போடுவதும், பதிவேடு எழுதுவதும், உணவு கொடுப்பதும், ஆடிப் பாடுவதும் பெரும்பாலும் ஒரே பெண்மணியும் ஓர் உதவியாளருமே. அவர்களுக்கு இன்னும் ஒரு கை கூடினால் என்னவெல்லாம் நடக்கும்!

பத்தாம் நாள் கயிறுகளைத் திருப்பிக் கொடுக்க முடிச்சவிழ்க்கப் போனோம். குழந்தைகள் விடவில்லை. கயிறு கொடுத்த பாட்டியாரிடம் சென்று நிலைமையைச் சொன்னோம். "கிணத்திலேதான் தண்ணி இல்லையே, கயிறு எதுக்கு? புள்ளைங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். இப்போது அது அங்கன்வாடிச் சுவரில் ஆணியடித்துச் சுற்றி மாட்டப்பட்டிருக்கிறது. பஞ்சு இரண்டும் அழுக்கேறி விட்டன. காரணம், வருகிற போகிற குழந்தை ஒவ்வொன்றும் தொட்டுப் பார்க்கிறது. அந்தச் சிறுமி மட்டும் பூதக் கண்ணாடியை இன்னும் திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.