பழைய துப்பாக்கி, புதிய லாபம்!

யுத்தம் முடிகிறது. பட்டாளம் கலைகிறது. லட்சக்கணக்கில் செய்து குவித்த துப்பாக்கிகள் என்ன ஆகின்றன? உருக்கிக் கலப்பைக் கொழு செய்கிறார்களா? இல்லை. அவை சந்தைக்கு வருகின்றன. முதலில் பழைய இரும்பின் விலைக்குப் போகின்றன. சில பத்தாண்டுகள் கழிந்தபின், சீமான்கள் சுவரில் மாட்டி அழகு பார்க்கும் “அரும்பொருள்” என்ற பெயரில் பல மடங்கு விலைக்குப் போகின்றன. இந்த வியாபாரத்தின் தலைமைப் பீடம் அமெரிக்கா.

இதில் நமக்கென்ன என்று மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கேட்கலாம். அந்தத் துப்பாக்கிகளில் பல நம்மை நோக்கி நீட்டப்பட்டவை. அதுதான் நமக்குள்ள சம்பந்தம்!

303 ரைபிளை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் படைத் துப்பாக்கி அது. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் நம் நாட்டுத் தொழிலாளர்களின் உழைப்பாலும் உருவானது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக்கில் டயர் நிறுத்திய 50 சிப்பாய்களின் கையில் இருந்ததும் அதுவே. அன்று சுட்ட குண்டுகள் 1,650. சர்க்கார் ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 379. இன்று அதே ரக ரைபிளை விலை பேசுகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? கட்டை பழுதில்லாமல் இருக்கிறதா, உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, எந்த வருஷம் செய்தது என்றுதான் பார்க்கிறார்கள். யாரைச் சுட்டது என்ற கேள்வி விலைப்பட்டியலில் இல்லை!

இந்த விலை எப்படி ஏறுகிறது? நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்து உழவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் நெல் மலிந்து கிடக்கும்போது வியாபாரி வாங்கிப் பதுக்குகிறான். களம் காலியானதும், விளைவித்தவனே அரிசிக்கு அலையும்போது, பதுக்கியவன் விலை சொல்கிறான். துப்பாக்கிச் சந்தையிலும் இதே கதைதான். வித்தியாசம் ஒன்று உண்டு. நெல் அடுத்த போகம் விளையும். பழைய துப்பாக்கி மறுபடி விளையாது. ஆகவே பதுக்கியவனின் லாபத்துக்கு எல்லையே இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஐரோப்பிய சர்க்கார்கள் தங்கள் கிடங்குகளைக் காலி செய்தன. அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்த சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953ல் கம்பெனி தொடங்கி, இவற்றை மொத்தமாக வாங்கிக் குவித்தார். தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. மலிவாகக் கிடைத்ததால் வாங்கியவர்கள் கட்டையை அறுத்து வேட்டைக்கு வைத்துக்கொண்டார்கள். அப்படி அறுபட்டவை போக, அறுபடாமல் தப்பியவைதாம் இன்று மதிப்புள்ளவை!

மலிவுச் சரக்கால் தங்கள் விற்பனை கெடுகிறது என்று அமெரிக்கத் துப்பாக்கி முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். அவர்களுக்காக 1958ல் இறக்குமதித் தடை மசோதா கொண்டுவந்தவர்களில் ஒருவர் செனட்டர் கென்னடி. மசோதா நிறைவேறவில்லை. 1963 நவம்பரில், ஜனாதிபதியாக இருந்த அதே கென்னடியைக் கொன்றது, தூரநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட்டுக்குத் தபாலில் வாங்கிய இத்தாலியப் பட்டாளத் துப்பாக்கி! 1968ல்தான் சட்டம் வந்தது. தபால் விற்பனை நின்றது. பட்டாளச் சரக்கின் இறக்குமதிக்கும் கதவடைப்பு. கதவு மூடியதும் உள்ளே இருந்த சரக்கின் மதிப்பு ஏறியது. 1984ல், “50 வருஷப் பழமை உள்ளவை” போன்ற அரும்பொருள்களுக்காகக் கதவை மறுபடி திறந்தார்கள்.

1991ல் சோவியத் யூனியன் சிதைந்தது. ஸ்டாலின்கிராடில் ஹிட்லரின் படையை முறியடித்த செஞ்சேனையின் ரைபிள்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. நூறு டாலருக்கும் குறைவாக, மரப்பெட்டியோடு விற்றார்கள். கிடங்கு வற்றியதும் விலை பல மடங்கு ஏறிவிட்டது. பாட்டாளி வர்க்கத்தின் வீரம் கூட முதலாளித்துவத்துக்கு ஒரு விற்பனைச் சரக்கு!

நம் அண்டை நாடான நேபாளத்திலும் இது நடந்தது. 1857 எழுச்சியை நசுக்க வெள்ளையனுக்குப் படை அனுப்பியவர்கள் ராணா பிரபுக்கள். அவர்கள் சேர்த்துவைத்த பல்லாயிரம் பழைய துப்பாக்கிகள் காட்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனையில் கிடந்தன. 2003ல் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் அவற்றை மொத்தமாக வாங்கிக் கொண்டுபோயின. கம்பெனியார் காலத்துத் துப்பாக்கிகளும் அவற்றில் உண்டு. நேபாள மக்களின் சரித்திரச் சான்று அமெரிக்கக் கடைச் சரக்காயிற்று.

இந்தியாவிலே கதை வேறு. 1878ல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. ஐரோப்பியனுக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். நடைமுறையில் லைசென்ஸ் யாருக்குக் கிடைத்தது? சர்க்காருக்கு வேண்டிய ஜமீன்தாருக்கும் மிராசுதாருக்கும்! 1959ல் புதிய சட்டம் வந்தது. வெள்ளையனுக்கு இருந்த விலக்கு போயிற்று. பணக்காரனுக்கு இருந்த செல்வாக்குப் போகவில்லை. 1980களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதி நின்றதும், ஏற்கெனவே உள்ளே இருந்த வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் விலை போகத் தொடங்கின. சுங்க இலாகா பறிமுதல் செய்தவற்றை நாடாளுமன்ற உறுப்பினர்களும் உயர் அதிகாரிகளும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் பல்லாண்டு நடந்தது. 2016ம் வருஷ விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலோ 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றிக்கொள்ள மனுச் செய்யலாம். நிலம் போலவே துப்பாக்கியும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு!

இதை அலங்காரப் பொருள் என்று அலட்சியமாக விட்டுவிட நம்மால் முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணிக்கு வந்தது பட்டாளம் அல்ல, மிராசுதார் கூட்டம். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டவர்கள்மீது, செங்கொடியை இறக்க மறுத்தவர்கள்மீது, அவர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். ஓட முடியாமல் ஒரே குடிசையில் ஒடுங்கிய 44 பேரை உயிரோடு எரித்தார்கள். தண்டிக்கப்பட்ட மிராசுதார்களைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 தோழர்களைப் பலிகொண்டது போலீஸ் துப்பாக்கி. இவற்றையெல்லாம் “அரும்பொருள்” என்று யாராவது ஏலம் போட்டால், அதை நாம் வேடிக்கை பார்ப்பதா?

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020ல் 303க்கு விடை கொடுத்தது. இப்படிக் கழிக்கப்படும் துப்பாக்கி எதுவாயினும், எங்கேயாயினும், நமது கோரிக்கைகள் இவை:

கழித்த துப்பாக்கி ஒன்றுகூட வியாபாரிக்குப் போகக்கூடாது, உலைக்குப் போகட்டும்! சரித்திர மதிப்புள்ளவை பொது மியூசியத்துக்குப் போகட்டும். செய்த தொழிற்சாலையின் பெயரோடு, அந்த ரகத் துப்பாக்கிக்கு இரையான மக்களின் கதையையும் அங்கே எழுதிவைக்கட்டும்! பரம்பரை லைசென்ஸ்களை வாரிசுக்கு மாற்றும் முன் கிராமத்து உழைப்பாளிகளின் ஆட்சேபணையைக் கேட்கட்டும்! கூலிப் போராட்டம் நடக்கும் ஊரில் துப்பாக்கி காட்டி மிரட்டுகிறவனின் லைசென்ஸை உடனே ரத்து செய்யட்டும்!

தோழர்களே! சங்கக் கூட்டங்களில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். கலெக்டருக்கு அனுப்புங்கள். சந்தை மறக்கச் சொல்வதை நாம் நினைவில் வைப்போம். செத்தவர்களின் கணக்கு நம்மிடம் இருக்கிறது!